நூல் இல்லாத கிளைடர்

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து, கிட் என்று விற்கும் செய்முறைப் பெட்டியில் வந்த மரத்துண்டுகளை ஒட்டி ஒட்டி, கேளம்பாக்கம் வீட்டில் இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் ஒரு சின்ன கிளைடர் விமானம் செய்து முடித்தேன். இன்று காலை மனைவியோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய் அதைப் பறக்கவிட்டேன்.

பறந்தது! அவ்வளவு அழகாகப் பறந்தது. நான் குதித்தேன்.

பக்கத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மீனவர் கேட்டார்: "இன்னா சார், நூலு எங்க கீது?"

"இது காத்தாடி இல்லீங்க, கிளைடர். நூலே வேணாம்" என்றேன் பெருமையாக.

"அப்போ எப்டி சார் திரும்பி வரும்?"

அதற்குள் அது அலைகளைத் தாண்டிக் கடலில் இறங்கிவிட்டது.

மனைவி சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மூணு மாசத்துல ஒரு தடவகூட இத யோசிக்கலியா நீங்க?"

சத்தியமாக இல்லை. ஒட்டுகிற சுகத்தில் அது தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அடுத்த கிட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

கிளைடரைத் திரும்பி வரவைக்கத் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். என் மனைவிக்குப் பரிந்து பேச வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிவுக்குப் போய்விடுங்கள்.