கடைக்கு வராத விளையாட்டுப் பெட்டி

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் லிங்கிப் பாலம் வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு போய், பாலத்தைத் தாண்டாமலே திரும்பி வந்தேன். முதல் தடவை, மழை என்று கணவரிடம் சொன்னேன். இரண்டாம் தடவை மழையும் இல்லை.

"ஆத்தப் பாத்துட்டு வரவா போனே?" என்றார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஞாயிறு ஒரு நாள்தான் ஸ்டியரிங்கைத் தொடாமல் வீட்டில் கிடப்பார். அந்த ஒரு நாளும் நான் வீட்டில் தங்குவதில்லை என்று அவருக்கு வருத்தம்.

பாலத்துக்கு அப்பால், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே இருக்கும் ஓர் அக்காவைப் பார்க்கத்தான் போனேன். என் கைப்பையில், துண்டில் சுற்றிய ஒரு கண்ட்ரோலர் இருந்தது. டிவியில் விளையாடும் கேம் பெட்டிக்கு உரியது. அந்தப் பெட்டி எந்த ஊர்க் கடைக்கும் வந்ததில்லை. வருவதற்கு முன்பே கைவிட்டுவிட்டார்கள். அதைச் செய்த எட்டுப் பெண்களில் நானும் ஒருத்தி.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலேசியாவில், சிரம்பான் நகரத்துக்கு வெளியே ஒரு மின்னணுத் தொழிற்சாலை. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் தோட்டம் தோட்டமாக நின்று எங்களை ஏற்றிக்கொண்டு போகும். எங்களில் எட்டுப் பேரைப் பிரித்து ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். அதற்கு சேம்பிள் லைன் என்று பெயர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று புதிதாகக் கொண்டுவரப்போகும் கேம் பெட்டியின் மாதிரிகளை அங்கேதான் கையால் செய்தோம். பெட்டியின் மேல்மூடி பனிக்கட்டி நிறத்தில், உள்ளே இருக்கும் போர்டு மங்கலாகத் தெரிகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு பாகத்திலும் வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, செய்தவளுடைய எண்ணைப் பேனாவால் எழுத வேண்டும். என் எண் ஏழு. நான் கண்ட்ரோலருக்கு ஈயம் பற்றவைப்பவள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவரான எங்கள் லைன் லீடர்தான் அந்த அக்கா. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மகள். ஈயப் புகை கண்ணில் பட்டு யாராவது கண்ணைக் கசக்கினால், அந்த இடத்தில் தானே உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுப்பார். நாங்கள் செய்தது எப்படி விளையாடும், திரையில் என்ன வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பரிசோதனை அறை வேறு மாடியில் இருந்தது.

ஒரு நாள் மாலை, திட்டம் ரத்து என்றார்கள். காரணம் சொல்லவில்லை. மாதிரிகள் வெளியே போகக் கூடாது, இன்றைக்கே உடைக்க வேண்டும் என்று உத்தரவு. எட்டுப் பேர் கையிலும் சுத்தியல். பல மாதம் தூசி படாமல் பார்த்துக்கொண்டதை நாங்களே தரையில் வைத்து அடித்தோம். சில பேர் சிரித்துக்கொண்டே அடித்தார்கள். எனக்குக் கை வரவில்லை. என் முன்னால் இருந்த கடைசிக் கண்ட்ரோலரில் என் ஏழு ஒட்டியிருந்தது. அதை எடுத்துச் சாப்பாட்டுத் தூக்கின் அடிக்கிண்ணத்தில் போட்டு மூடினேன். மேல் கிண்ணத்தில் மத்தியானத்து மீன் குழம்பின் மிச்சம் இருந்தது. எதையும் யோசிக்கவில்லை. அதை ஒரு தடவையாவது யாராவது பிடித்து விளையாட வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அழிப்புச் சான்றில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். எண்ணிப் பார்த்துத்தான் போட வேண்டும். வெளியே பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் ஆச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சுக்கா" என்று முதலில் சொன்னது நான்.

அவர் எண்ணாமல் கையெழுத்துப் போட்டார். வாசலில் காவலர் தூக்கைத் திறக்கச் சொன்னார். மீன் வாடை அடித்ததும் போ போ என்று கையை ஆட்டினார். மறுநாள் காலையில் வெளிநாட்டு எஞ்சினியர் உடைசல்களை எண்ணியபோது ஒரு கண்ட்ரோலர் குறைந்தது. அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவும் கண்ணாடி அறைக்குள் வரவில்லை. அவருடைய காலணியை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு மாதம் போனது. பிறகு சொன்னால் இதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. அந்தப் பயத்திலேயே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. தொழிற்சாலையும் வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

நான் இப்போது அம்பாங்கானில் ஒரு கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், ஏதோ ஒரு உதிரிப் பாகத்தின் எண்ணை இணையத்தில் தேடப்போய், வெளிவராத கேம் பெட்டிகளைச் சேகரிக்கிறவர்கள் கூடிப் பேசும் பக்கம் ஒன்றில் போய் விழுந்தேன். அங்கே ஒரு படம். பனிக்கட்டி நிறத்தில் பாதி உடைந்த மூடி. இது எந்த நாட்டில் செய்தது என்று பத்துப் பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் ஐந்து. மேல்கோடு போடாமல் எழுதிய ஐந்து. எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அப்படித்தான் எழுதுவாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

இது சிரம்பானில் செய்தது என்று எழுதினேன். யாரும் நம்பவில்லை. வீட்டுக்குப் போய், துணிகளுக்கு அடியில் இருந்த கண்ட்ரோலரைப் படம் எடுத்துப் போட்டேன். முழுதாக இருப்பது உலகத்திலேயே இது ஒன்றுதான் என்றார்கள். குளிர்நாட்டுக்காரர் ஒருவர் அதைத் தனக்குத் தந்துவிடும்படி தினமும் எழுத ஆரம்பித்தார்.

நான் தரவில்லை. மற்றதைத் தேட ஆரம்பித்தேன். கடைசி நாளில் உடைத்தவற்றுக்குத்தான் எண்ணிக்கை. அதற்கு முன்னால் தேறாதவை என்று ஒதுக்கியதை யாரும் எண்ணியதில்லை; பலர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சிரம்பானை அடுத்த ராசாவிலேயே ஒரு வீட்டில் அந்தப் பெட்டியின் பவர் அடாப்டர் மீன் தொட்டிக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. போர்ட்டிக்சன் சாலைத் தோட்டம் ஒன்றில் மேல்மூடியைக் கவிழ்த்து அதில் தலைமுடிக் கிளிப் போட்டு வைத்திருந்தார்கள். பழைய ஸ்டோர்காரர் ஒருவர் பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு போர்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்று கிடைத்தால் இரண்டு நாள் மனம் அடங்கும். மூன்றாம் நாள் மறுபடியும் கால் தரையில் நிற்காது. சோற்றில் கை வைத்துக்கொண்டே யாருக்கு போன் போடலாம் என்று யோசிப்பேன். போர்டைப் பழுதுபார்க்க இரண்டு மாதம் ஆனது. திரையில் படம் வந்தது. சத்தம் வரவே இல்லை.

போகிற வீட்டிலெல்லாம் பழைய பேச்சு வரும். பழைய பேச்சு வந்தால் அக்கா வருவார். "பாவம்லா அவங்க. எவளோ எடுத்துட்டா, பழி அவங்க மேல விழுந்திச்சி" என்பார்கள். நான் தலையாட்டிவிட்டு, கிடைத்ததை வாங்கிக்கொண்டு வருவேன். எனக்கு அடங்காமல் இருந்தது என்ன என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா இருக்கும் இடத்தைச் சொன்னவள் எங்கள் மூன்றாம் நம்பர். அவளும் அம்பாங்கானில்தான், தையல் கடை வைத்திருக்கிறாள். "தோட்டத்து நர்சரியில செம்பனக் கன்னு பாக்குறாங்களாம். நீ போனா கேளு லா, எங்கிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்குறாங்கன்னு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன், பத்திரிகையக் கூட கையில வாங்கல" என்றாள்.

மூன்றாவது ஞாயிறு பாலத்தைத் தாண்டினேன். கண்ட்ரோலரோடு, தேடிச் சேர்த்த பெட்டியையும் பின் இருக்கையில் வைத்திருந்தேன். 

வரிசையில் கடைசி வீடு. அக்கா வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். முடி பாதி நரைத்திருந்தது. நான் காரைவிட்டு இறங்கி நின்றேன். நிமிர்ந்து பார்த்தவர் கண்ணைச் சுருக்கினார்.

"ஏழாம் நம்பருதானே நீ?"

பேர் விசாரித்துச் சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அந்த ஏழு என்னைக் கவிழ்த்துவிட்டது.

"அக்கா, அந்தக் கண்ட்ரோலர எடுத்தது நாந்தான்."

அவர் போய்க் குழாயை மூடினார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"நீ ஆச்சுன்னு சொன்னே."

"சொன்னேங்க்கா."

"உன் வாயத்தான் நான் நம்புனேன்." மோட்டாரின் சீட்டிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டார். "நான் மூணாம் நம்பருன்னுல்ல நெனச்சேன். இத்தன வருசமா. அவதான் அன்னிக்கு அழிக்கும்போது சிரிச்சிக்கிட்டே இருந்தா."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அப்பா ஒண்ணும் கேக்கல. எங்கம்மாதான். சாகுற வரைக்கும், நான் கடைக்குப் போயிட்டு வந்தாக்கூட பையத் தொறந்து பாப்பாங்க. பாக்காத மாதிரி பாப்பாங்க. சொந்த வீட்டுலலா." குரல் உயரவே இல்லை. "அதக் கொண்டாந்திருக்கியா?"

துண்டைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"இது ஓடுமா?"

உள்ளே பழைய டிவி ஒன்று இருந்தது, மஞ்சள் முனை சொருகும் ஓட்டையோடு. நான் தரையில் உட்கார்ந்து பெட்டியை மாட்டினேன். அடாப்டர் இரண்டு தடவை நழுவியது. சாம்பல் நிறத் திரை வந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம். விளையாட்டு எதுவும் அதற்குள் இல்லை, பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கான கட்டம் மட்டும்தான் என்று விளக்கினேன். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அழுத்தினார். கட்டம் மேலே போனது. கீழே வந்தது. வலது பக்கம் போய்த் திரையின் ஓரத்தில் முட்டி நின்றது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாங்க்கா."

"அலாமா" என்றார். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது, சிரிப்பில்லை. கட்டத்தை மறுபடியும் மேலே ஏற்றினார். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "மூணுக்குப் போன் போடு" என்றார்.

"இப்பவாக்கா?"

"பொறவு எப்ப? இன்னும் இருவது வருசமா?"

ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னாலேயே பேசினேன். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான் சொல்லி முடித்ததும் அது நின்றது. மூன்றாம் நம்பர் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "அக்கா பக்கத்துல இருக்காங்களா?" என்றாள். இருக்கிறார் என்றேன். "அக்கா, அதுக்காகவா பத்திரிகைய வாங்கல? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றாள்.

அக்கா கண்ட்ரோலரை மடியில் வைத்தார். "கேட்டிருக்கணும். தப்புதான்" என்றார். பிறகு அவர்கள் இருவரும் பேசினார்கள். நான் வெளியே போய், பாதி கழுவிய மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

கிளம்பும்போது பெட்டியைக் கழற்றக் குனிந்தேன். "அது இங்கயே இருக்கட்டும்" என்றார். "மூணு சொன்னா, இன்டர்நெட்ல எல்லாருக்கும் எழுதுனியாமே, நீ செஞ்சதுன்னு. எடுத்தது நீன்னும் எழுது. நான் எடுக்கலன்னு என் பேரப் போட்டு எழுது. மத்தவங்களுக்கும் நீயே சொல்லு."

இங்கே நான் யார் பேரையும் போடவில்லை. அந்தப் பக்கத்தில் அவர் பேரையும் என் பேரையும் போட்டேன். குளிர்நாட்டுக்காரர் பதில் எழுதினார்: கண்ட்ரோலர் இப்போது யாரிடம் இருக்கிறது, ஈரம் படாத இடத்தில் வைத்திருக்கிறார்களா. மற்ற ஐந்து பேருக்கும் ஒரு வாரத்துக்குள் போன் போட்டேன். ஒருத்தி எனக்கு அப்பவே தெரியும் என்றாள். ஒருத்தி சிரித்தாள். ஐந்தாம் நம்பர் நான் பேசி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. கணவரிடம் சொன்னபோது, "நீ ஏன் ஒக்கார மாட்டேங்குறேன்னு இப்பதான் தெரியுது" என்றார். தெரிந்த பிறகும் நான் உட்காரவில்லை. காலியான அலமாரியைத் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன்.

அக்கா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதினைந்து நாள் கழித்து, கடையில் ஒரு கைப்பேசியைப் பிரித்துப் போட்டிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"எடது பக்கம் போக மாட்டேங்குது. அமுக்குனா அப்படியே நிக்கிது."

"பொத்தானுக்கு அடியில ஈயம் விட்டிருக்கும்க்கா. ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்."

"ஞாயிறு கோயில்ல வேல இருக்கு. சனிக்கெழம வா" என்றார். வைத்துவிட்டார்.