கருப்பர் கிடாவுக்கும் காய்ச்சல்

எங்கள் தெரு ஆடுகளுக்கு மூக்கு ஒழுகியபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆளுக்கொரு கைக்குட்டை கொடுக்கலாம் போல நின்றன. வாயில் புண், கழிச்சல் என்று சாயத் தொடங்கியதும் சிரிப்பு போயிற்று. பக்கத்து வீட்டில் என் ஓரகத்தியின் வெள்ளாடுகளில் ஒன்று செத்தது. அடுத்தது என் வீடு. என்னிடம் இருந்ததோ ஒரு தாயாடும் இரண்டு குட்டிகளும்தான்.

கறம்பக்குடியிலிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா சளியைப் பஞ்சில் ஒற்றிச் சோதனைக்கு அனுப்பினார். ஆட்டுக்கொல்லி வைரஸ் என்று பதில் வந்தது. அது எப்படி வீடு தாவுகிறது என்று தெரிந்தால்தான் நிறுத்த முடியுமாம். வீடுவீடாக விசாரித்தார்.

“வெளி ஆடு ஏதாச்சும் உள்ள வந்துச்சா?”

“வரலைங்க.” தெரு முழுக்க ஒரே பதில். நானும் சத்தியம் பண்ணினேன்.

பண்ணிய வாய் மூடவில்லை, மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு ஒரு பெரிய கிடா நுழைந்து கழனித்தண்ணிச் சட்டியை நோக்கிப் போனது. டாக்டரம்மா பாய்ந்து கொம்பைப் பிடித்தார்.

“பாட்டி, இது என்ன?”

“கருப்பர் கிடாங்க. கோயிலுக்கு நேந்து விட்டது.”

“ஆடுதானே?”

“சாமி சொத்தைப் போயி ஆடுங்கிறீங்களே!”

எல்லா வீட்டிலும் தின்றுவிட்டு என் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வரும். என் சட்டியில் தண்ணீர்தான் அதிகம். அதனால்தான் என் ஆடுகள் தப்பித்திருந்தன.

“கட்டிப் போடணும்” என்றார் டாக்டரம்மா.

தெருவே கூடிவிட்டது. ஓரகத்தி அலறினாள். “கட்டுனா கருப்பர் கண்ணைப் புடுங்கிருவாரு!”

யாரும் கயிற்றைத் தொடவில்லை. கிடாவோ சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் குட்டிகளைப் பார்த்தேன். கொண்டையை அவிழ்த்தேன். சாமி வந்ததா, வரவழைத்தேனா என்றெல்லாம் கேட்கக் கூடாது.

“டேய்! எங் கிடாவுக்குக் காய்ச்சல்டா! அங்கிட்டுப் புளியமரத்துல தனியாக் கட்டுங்கடா!”

நாலு பேர் ஓடிவந்து கட்டினார்கள். டாக்டரம்மா கெட்டிக்காரி. சிரிக்காமல் கைகூப்பினார்.

“சாமி, நல்லா இருக்கிற ஆட்டுக்கெல்லாம் தடுப்பூசி போடலாங்களா?”

“போடு! மொதல்ல இந்த வீட்டுல போடு!”

“ஏஞ் சாமி, எங்க வீடு ஒங்க கண்ணுக்குத் தெரியலையா?” என்றாள் ஓரகத்தி.

“ரெண்டாவது ஒனக்குத்தான், கத்தாதடி!”

என் ஆடும் குட்டிகளும் பிழைத்தன. அதற்குப் பிறகு தெருவில் எந்த ஆடும் சாகவில்லை. கருப்பர் கிடாகூட இளைத்துப்போனாலும் தேறி எழுந்துகொண்டது. ஓரகத்தி மட்டும் ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

“ஏக்கா, அன்னிக்குக் கருப்பர் வாயில ஒன் வெத்தலை வாசம் அடிச்சுச்சே?”

“வந்த எடத்துல கெடைச்சதைத்தானடி அவரும் போடுவாரு.”