இக்னேஷியஸ் பார்த்துவிட்டார்

சாந்தோமில் ஐவி டீச்சரின் வேதவசனம் வந்து சேராமல் யாருக்கும் பொழுது விடிந்ததில்லை. வேண்டுமா என்று அவர் யாரையும் கேட்டதும் இல்லை. ரோஜாவோ மெழுகுவர்த்தியோ ஒரு படம், அதன்மேல் ஒரு வசனம். வாட்ஸப் மொத்தமாக அனுப்ப விடாது என்பதால் காலை ஜெபம் முடித்த கையோடு ஐந்தைந்து பேராக அனுப்புவார்.

முதல் ஐந்தில் முதல் பெயர் கணவர் இக்னேஷியஸ். அவர் இறந்து ஒரு வருஷம் தாண்டியும் அந்தப் பெயரை விட்டுவிட மனம் வரவில்லை. அங்கே போகிற படங்கள் ஒற்றைச் சாம்பல் குறியோடு நின்றுவிடும். கல்லறையில் பூ வைக்கிறோம், பதிலையா எதிர்பார்க்கிறோம்?

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அந்தக் குறி இரண்டானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமானது. யாரோ பார்த்துவிட்டார்கள்.

‘யாரது?’ என்று ஐவி தட்டினார். நீலம். ‘நீங்கதானா?’ அதற்கும் நீலம். பதில் மட்டும் வரவே இல்லை.

மகன் ஆஸ்வின் தேனாம்பேட்டை ஆபீசுக்குக் கிளம்பியபடியே சிரித்தான். “அப்பா நம்பரை வேற யாருக்காவது குடுத்திருப்பாங்கம்மா. பிளாக் பண்ணு.”

“நான் அனுப்புறத நீ பாக்குறியாடா?”

“உன்னை ம்யூட்ல போட்டிருக்கேன். இதெல்லாம் யாரும்மா பாப்பாங்க? அவசரம்னா இன்ஸ்டாவுல அனுப்பு.”

பெற்ற பிள்ளை பார்க்காததைச் செத்தவர் தினமும் பார்க்கிறார். ஐவிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிளாக் செய்ய விரல் போகவில்லை. மறுபடியும் ஒருமுறை அவரை எப்படிப் புதைப்பது?

டிசம்பர் மழையில் ஐவி காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். படங்கள் போகவில்லை. சர்ச் பங்கில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆஸ்வின் மாத்திரை வாங்கி வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டான். வீட்டில் அவர் தனியாகக் கிடந்த அந்தப் பகலில் போன் ஒலித்தது. இக்னேஷியஸ். குரல் பதிவு.

நெடுநேரம் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரலாக இருந்தாலும் தாங்காது, இல்லாமல் போனாலும் தாங்காது. சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினார்.

“யம்மா, நானு ஊரூர் குப்பத்துல மீன் விக்கிற தேவானை. நீ இன்னாவோ எழுதுற, எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பூ படத்தப் பாத்துட்டுத்தான் காலீல கூடையத் தூக்குவேன். இப்போ காணோமே, இன்னா ஆச்சு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

அப்படியானால் அவர் இல்லை. அடக்கத்தன்று கூட நம்பாத மனசு அந்த நிமிஷம்தான் நம்பியது. ஐவி வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, போனை வாயருகே வைத்து முதல் தடவையாகப் பேசினார்.

“காய்ச்சல்மா. நீ ஒருத்திதான் கேட்ட.”

இக்னேஷியஸ் என்ற பெயருக்குக் கீழே, குரல் பதிவாகிறது என்று திரை காட்டியது. பெயரை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தார். மாற்றவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு காத்திருந்தார்.