கேட்பதற்கு முன்னே திறந்த கதவு

வேன்காரம்மாவுக்கு உருப்படியான கோபம் என்று ஒன்று வந்தது நாற்பத்தேழாவது வயதில்தான். அதற்கு முன்பு வந்ததெல்லாம் வெறும் எரிச்சல். குழாயில் தண்ணீர் வராத எரிச்சல், வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனவன்மேல் எரிச்சல். சாயங்காலம் ஒரு தேநீர் குடித்தால் போய்விடும் ரகம். இந்தக் கோபம் போகவில்லை. போகவும் கூடாது.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சலவை நிலையத்தில் அவள் வேன் ஓட்டினாள். ஊரில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அங்கிருந்துதான் ஆபரேஷன் துணிகள் போகும். துவைத்து, நீராவியில் வேகவைத்து, இரட்டைத் துணியில் சுற்றிக் கட்டாக்கி, மேலே ஒரு டேப் ஒட்டுவார்கள். நீராவியில் சரியாக வெந்திருந்தால் அந்த டேப்பில் கறுப்புக் கோடு விழும். அந்தக் கட்டை ஆபரேஷன் அறைக்குள்தான் பிரிக்க வேண்டும். வழியில் யாராவது பிரித்தால் அது துணி இல்லை, குப்பை. திரும்ப முதலிலிருந்து துவைக்க வேண்டியதுதான்.

நீராவி இயந்திரத்தில் வேலை செய்தவர் அவள் புருஷன். கட்டுகளை அவள் வேனில் அடுக்கும்போது அவர்கூடக் கிட்டே வரக்கூடாது. "கை ஈரமா இருக்கு, தள்ளி நில்லுங்க" என்பாள். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து என்னை இவ்வளவு பத்திரமா நீ பாத்துக்கிட்டதே இல்லையே" என்று அவர் மற்றவர்களுக்குக் கேட்கும்படி அலுத்துக்கொள்வார். காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பாள். பதினோரு வருடத்தில் ஒரு கட்டு பிரிந்ததில்லை.

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள் அண்ணன். லாரிக்காரர். கியரும் பிரேக்கும் சொல்லிக்கொடுத்த கையோடு அவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சாலையில் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த பாடம் அது. "போலீஸ் கைகாட்டினா வாயத் திறக்காத. அவன் கேக்குறதுக்கு முன்னாடியே நீயா இறங்கிப் போயி பின்கதவைத் திறந்து விட்டுரு. ஒரு பார்வை பாத்துட்டு விட்டுருவான். மடியில கனமில்லைன்னா வழியில பயம் எதுக்கு?"

அவளும் பதினோரு வருடம் அப்படியே செய்தாள். சோதனைச் சாவடியில் கை உயர்ந்தால் போதும், இன்ஜினை அணைத்து, இறங்கி ஓடி, தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவை விரியத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பாள். வெள்ளைக் கட்டுகளைப் பார்த்ததும் "ஆஸ்பத்திரி வண்டியா, போ" என்பார்கள். அதை அவள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தான் கொடுக்கிற மரியாதை, அவர்கள் திருப்பித் தருகிற மரியாதை. பாவம்.

அன்றைக்குச் சாவடியில் புது அதிகாரி. கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள். காலை வெயில்கூட இன்னும் சரியாக ஏறவில்லை, அதற்குள் கண்ணாடி. வழக்கம்போல அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"ஆபரேஷன் துணி சார். கிருமி நீக்கினது. தொடக்கூடாது."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிற்பாடு அவள் பல இரவு யோசித்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுடுதண்ணீர் சுடும் என்று சொன்னால் கையை விட்டுப் பார்க்கிறவன்மேல்தான் தப்பு.

"தொடக்கூடாதா? எனக்குச் சொல்றியா?" என்றவர் சாவிக்கொத்தில் தொங்கிய சிறு கத்தியை விரித்தார். முதல் டேப் கிழிந்தது. பச்சைத் துணி. இரண்டாவது டேப். பச்சைத் துணி. அவள் "சார், சார்" என்று கூடவே நகர்ந்தாள். என்ன தேடுகிறார் என்று அவள் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. நாற்பது கட்டில் இருபத்து மூன்றைக் கிழித்த பிறகு அவருக்கே அலுத்துவிட்டது. "சரி, எடு வண்டிய."

"நீங்கதான் பிரிச்சீங்கன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க சார். ஆஸ்பத்திரியில கேப்பாங்க."

சாவடியே சிரித்தது. "சீட்டா? இது என்ன ரேஷன் கடையா?"

ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ் கிழிந்த கட்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கையிலிருந்த பட்டியலில் நான்கு பெயர்களை அடித்துவிட்டு உள்ளே போனார். வராந்தாவில் இடுப்பெலும்பு முறிந்து ஒன்பது நாளாகப் படுத்திருந்த ஒரு பெண்மணியை ஸ்ட்ரெச்சரோடு திரும்ப வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் போன மகன் வேன்காரம்மாவைப் பார்த்து, "உங்க அம்மாவா இருந்தா இப்படிக் கொண்டு வருவீங்களா?" என்று கேட்டான். சாவடியில் நடந்ததை அந்த ஸ்ட்ரெச்சருக்குக் குறுக்கே நின்று எப்படிச் சொல்வது?

சலவை நிலையத்து மேனேஜர் நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களுக்கும் மேலே ஒருவர் இருப்பார் அல்லவா? "போலீஸ்தான் பிரிச்சதுன்னு எழுத்துல கொண்டா. அதுவரைக்கும் வண்டிச் சாவியக் கொடுத்துட்டுப் போ" என்றார்.

எழுத்து வாங்கக் காவல் நிலையம் போனாள். மூன்று மணிநேரம் பெஞ்சில் உட்கார்த்திவைத்த பிறகு, அங்கே எழுத்து வேலை பார்ப்பவர் ஒரு தடிமனான நோட்டை எடுத்து அன்றைய தேதியைத் தேடி, படித்துக் காட்டினார். "ஓட்டுநர் தாமாகவே முன்வந்து பின்கதவைத் திறந்து, பொருள்களைப் பார்வையிட முழுச் சம்மதம் தெரிவித்தார்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார்."

"கதவ யாரும்மா திறந்தது?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?" அவர் நோட்டை மூடினார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "விடு. நம்ம நேரம். அவங்ககிட்ட நியாயம் பேசி ஜெயிக்க முடியுமா? சும்மா கிடந்த சங்கை எதுக்கு ஊதுற?" என்றார். பக்கத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த புருஷன், எப்போதும் வாயைத் திறந்தால் கேலிதான், அன்றைக்குக் கேலி செய்யவில்லை. "இருபத்து மூணு கட்டு. ஒவ்வொண்ணும் என் கையால சுத்தினது. ஊதட்டும் மச்சான்" என்றார்.

இலவசச் சட்ட உதவி மையம் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கிருந்த வக்கீலம்மாவுக்கு அன்று கடும் ஜலதோஷம். மூக்கைச் சிந்திச் சிந்தித்தான் சட்டம் சொன்னார்.

"லைசென்ஸ், வண்டிப் பேப்பர் கேட்டாக் கொடுக்கணும். இறங்கச் சொன்னா இறங்கணும். அதுல பேச்சே கிடையாது. ஆனா மூடியிருக்கிற கதவைத் திறந்து சாமானைக் கிளறணும்னா, என்ன சந்தேகம்னு அவங்க சொல்லணும். எதை எதைப் பிரிச்சாங்கன்னு எழுதி, உங்க கையில ஒரு பிரதி தரணும். நீங்க கேட்ட சீட்டு இருக்கே, அது உங்க உரிமை."

"அப்ப ஏன் தரலை?"

"நீங்களே திறந்துட்டீங்களே. நீங்களே திறந்தா அது சோதனைல சேராது. விருந்தாளியக் கூப்பிட்டு வீட்டைச் சுத்திக் காட்டின கணக்கு. காரணமும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்."

வேன்காரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினோரு வருடம், மாதத்துக்கு நாலைந்து தடவை, எத்தனை முறை ஓடிப்போய்த் திறந்திருப்பாள்! அவள் மட்டுமா? அந்தச் சாலையில் ஓடுகிற லாரிக்காரன், வேன்காரன், தக்காளி ஏற்றிப் போகிறவன், தலையணை ஏற்றிப் போகிறவன், அத்தனை பேரும். நாம் பணிவு என்று கொடுத்ததை அவர்கள் சம்மதம் என்று எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்கள். குனியக் குனியக் குட்டுவார்கள் என்பார்கள். இங்கே குட்டுவதற்கு முன்பே வரிசையாகக் குனிந்து நின்றிருக்கிறது ஒரு சாலை. அந்த மாடிப்படியில் இறங்கும்போதுதான் அந்தக் கோபம் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது.

வக்கீலம்மா கடைசியாகச் சொன்னதை அவள் வழியெல்லாம் மனப்பாடம் செய்தாள். "கையால தடுக்காதீங்க. ஒரு விரல்கூட அவங்க மேல படக்கூடாது. வாயால சொல்லுங்க, சுத்தி நிக்கிறவங்களுக்குக் கேக்குற மாதிரி. மீறித் திறந்தா திறக்கட்டும். ஆனா நீங்க சம்மதிச்சீங்கன்னு எழுத முடியாது."

வக்கீலம்மா எழுதிய கடிதத்தைப் பார்த்து மேனேஜர் சாவியைத் திருப்பித் தந்தார். "இன்னொரு கட்டு பிரிஞ்சு போச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது" என்றும் சொன்னார். இரண்டு வாரம் யாரும் நிறுத்தவில்லை. மூன்றாவது வாரம் கறுப்புக் கண்ணாடிக்காரர் கைகாட்டினார்.

அவள் இன்ஜினை அணைத்தாள். இறங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, லைசென்ஸையும் வண்டிப் பேப்பரையும் நீட்டினாள்.

"பின்னாடி திற."

"என்ன சந்தேகம்னு சொல்லுங்க சார்."

"என்னது?"

"என்ன சந்தேகம்னு சொல்லுங்க. எதைப் பிரிக்கிறீங்கன்னு எழுதி ஒரு பிரதி கொடுங்க. எனக்குச் சம்மதம் இல்லை."

கடைசி மூன்று வார்த்தையை அவள் சாலை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் அடித்தார்கள். "அம்மா, திறந்து காட்டிட்டுப் போயேன், எங்களுக்கும் வேலை இருக்கு" என்று ஒருவன் கத்தினான். பார், போலீஸ்காரருக்கு வேலையே வைக்கவில்லை. அவர் சொல்ல வேண்டியதை இவனே சொல்கிறான். அவர் வேனைத் தட்டினார், இறங்கச் சொன்னார். இறங்கினாள். கதவுப்பக்கம் போகாமல் முன்சக்கரத்தின் அருகிலேயே நின்றாள்.

அப்போதுதான் பின்பக்கம் தாழ்ப்பாள் தள்ளும் சத்தம் கேட்டது.

திரும்பினால், அண்ணன். அவருடைய லாரியும் வரிசையில் மூன்றாவதாக நின்றிருக்கிறது. தங்கச்சி போலீசோடு நிற்பதைப் பார்த்ததும் பதறி ஓடிவந்து, கதவை விரியத் திறந்துவிட்டு, தலையைச் சொறிந்தபடி இளித்துக்கொண்டு நிற்கிறார். "பாத்துக்கோங்க சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அண்ணன் என்றும் பார்க்காமல் அறைந்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு. கண்ணாடிக்காரர் சிரித்தபடி கத்தியை விரித்துக்கொண்டு வந்தார். அவள் ஒரே ஓட்டமாக ஓடி, அவர் கை நீளுவதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். இரண்டு கையையும் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்: "இந்த வண்டி ஓட்டுறது நான். திறந்தவர் யாரோ. எனக்குச் சம்மதம் இல்லை. நீங்க திறக்குறதுன்னா காரணத்தை எழுதிட்டுத் திறங்க. ஒன்பது மணிக்கு ஆபரேஷன் இருக்கு. அதையும் சேத்து எழுதுங்க."

அவர் கூட வந்த காவலர் உத்தரவுக்குப் பழகியவர். நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி, பவ்யமாகக் கேட்டார்: "சார், காரணம்னு என்ன போடட்டும்?"

கண்ணாடிக்காரர் வேனைப் பார்த்தார். கட்டுகள் உள்ளே இருக்கின்றன, காரணம் எங்கே இருக்கிறது? ஹாரன் அடித்தவன்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"போ" என்றார். "போய்த் தொலை." பிறகு திரும்பி, "அந்த லாரி யாருது?" என்றார்.

அவள் வண்டியை எடுக்கும்போது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. அண்ணன் தன் லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, மூடு!" என்று ஜன்னல் வழியே கத்தினாள். அவருக்குக் கேட்டதோ என்னவோ. உள்ளே நாற்பது கட்டு, எதிரே ஒன்பது மணி. அவள் போனாள். திட்டிக்கொண்டே போனாள், யாரை என்று கேட்டால் எல்லாரையும்தான். தலைமை நர்ஸ் நாற்பதையும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். குரல் தேய்ந்துபோயிருந்தது. லாரியில் தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் பெட்டிகள். அறுபது பெட்டியையும் வெயிலில் அவரையே இறக்கவைத்திருக்கிறார்கள். அவருக்கு முதுகு வலி என்பது சாவடிக்கே தெரியும். பதினாறு பெட்டியைப் பிரித்துப் போட்டதில் பாதி உடைந்துவிட்டது. சீட்டு கேட்டாரா என்றால், கேட்டாராம். சிரித்தார்களாம்.

"எல்லாம் உன்னாலதான்" என்றார். "உன்மேல இருந்த ஆத்திரத்தை என்மேல காட்டிட்டான். இத்தனை வருஷத்துல என்னை இப்படிப் பண்ணதே இல்ல."

அவள் முழுக்கக் கேட்டாள். பாதி உண்மை என்பதால் மறுக்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"ஆமாண்ணே, ஆத்திரம் என்மேலதான். லாரிக் கதவ யாரு திறந்தது?"



"நான்தான்" என்றார் அண்ணன். சொன்ன குரலில் கோபம் இருந்தது. அவள்மேல் இல்லை.