உப்புத் தண்ணீர்

ஆம்பூர் பெண்கள் பள்ளியில் சவுரியம்மாள் பதினோரு ஆண்டுகளாக ஓவியம் கற்பித்து வந்தாள். ஆண்டுவிழா வந்தால் மண்டபத்தின் நீளச் சுவர் அவள் மாணவிகளின் ஓவியங்களுக்குத்தான். கேட்க வேண்டியதில்லை, ஆணிகூட அவள் அடித்ததுதான்.

1931 ஜூனில் அமிர்தவள்ளி என்ற புது ஆசிரியை சென்னையிலிருந்து ஒரு பெட்டிக் காமிராவோடு வந்து சேர்ந்தாள். மாலையில் யார் வேண்டுமானாலும் படம் எடுக்கப் பழகலாம் என்றாள். இரண்டே வாரத்தில் ஓவிய அறையில் பாதிப் பலகைகள் காலியாயின. முதலில் போனவள் பக்ருன்னிசா. கோடு நடுங்காமல் இழுக்கத் தெரிந்த ஒரே பெண்.

"இன்னா டீச்சர் பண்றது, ஒரு வாழைப்பழம் வரையவே ஒரு வாரம் ஆவுது. அதுக்குள்ள பழமே அழுகிப் போவுது," என்றாள் அவள். மற்றவர்கள் சிரித்தார்கள். சவுரியம்மாளும் சிரித்து வைத்தாள்.

ஆனால் அமிர்தவள்ளியின் படங்கள் தேறவில்லை. கழுவிக் காயப்போட்ட பிலிமில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அச்செடுத்தால் எல்லா முகத்திலும் அம்மைத் தழும்பு.

"படம் கழுவுற மருந்து அளவுலதான் தப்பு பண்றேன் போலக்கா," என்று ஒவ்வொரு தடவையும் அவள் வந்து நின்றாள்.

"பழகப் பழக வரும்," என்றாள் சவுரியம்மாள்.

மருந்தில் தப்பில்லை என்பது அவளுக்குத் தெரியும். பள்ளிக் கிணற்றுக்கு அந்தப் பக்கம், மதிலை ஒட்டித் தோல் கொட்டகை. உப்பிட்ட தோல்களை அலசிய தண்ணீரெல்லாம் மண்ணில் இறங்கிக் கிணற்றில் ஊறியது. வேலைக்கு வந்த புதிதில் அவளுடைய வர்ணங்களும் இப்படித்தான் காய்ந்ததும் பூத்தன. அன்றிலிருந்து ஓவிய அறைக்கு மாதா கோயில் கிணற்றிலிருந்துதான் தண்ணீர். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவளாகவும் சொல்லவில்லை.

ஆண்டுவிழாவுக்கு நான்கு நாள் இருந்தது. கடைசிச் சுருளைக் கழுவப் பள்ளிக் கிணற்றில் வாளி நிறைய மொண்டுகொண்டு போன பக்ருன்னிசா, ஓவிய அறை வாசலில் நின்றாள்.

"இதுவும் கெட்டுச்சின்னா உங்க கிளாஸுக்கே வந்துடறேன், டீச்சர். வேற இன்னா இருக்கு எனக்கு?"

இத்தனை நாளாகச் சவுரியம்மாள் வேண்டியது அதைத்தான். ஆனால் காதில் விழுந்தபோது அது வேறு மாதிரி இருந்தது. காமிரா கைவிட்டால் ஒதுங்குவதற்கு ஒரு இடம். அவ்வளவுதானா அவள் வகுப்பு?

"அந்தத் தண்ணிய கீழ கொட்டு," என்றாள். "உப்புத் தண்ணி அது. மாதா கோயில் கிணத்துல மொண்டுக்கினு வா."

பின்னால் வந்துகொண்டிருந்த அமிர்தவள்ளி அப்படியே நின்றாள்.

"எப்பலேர்ந்து தெரியும்க்கா?"

"வந்த வருஷத்துலேர்ந்து."

"நான் மூணு தடவ வந்து கேட்டேன்."

"மருந்தப் பத்திதானே கேட்ட. தண்ணியப் பத்தி கேக்கலியே."

அமிர்தவள்ளி வாளியை வாங்கித் தானே கவிழ்த்துவிட்டு, பக்ருன்னிசாவைக் கூட்டிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள்.

அந்த ஆண்டு நீளச் சுவர் புகைப்படங்களுக்குப் போயிற்று. ஓவியங்கள் தாழ்வாரத்தில் தொங்கின. அன்று முதல் அமிர்தவள்ளி சவுரியம்மாளை அக்கா என்று கூப்பிடுவதில்லை, டீச்சர் என்றாள். சவுரியம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்ருன்னிசா ஓவிய வகுப்புக்குத் திரும்பவேயில்லை. அதற்காக மட்டும் சவுரியம்மாள் அமிர்தவள்ளியைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.