ஆறாவது புடவை

திருச்சியில் ஒரு புடவைக் கடைக்குச் சமூக வலைதளப் பதிவுகள் போடுவது என் வேலை. பில் போடும்போதே என்ன விசேஷம் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்வோம். அந்தப் பட்டியலைப் புரட்டி, "ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பெண் ஒருவர், பெண் பார்க்க வருகிறார்கள் என்று நம்மிடம் ஆறு புடவை எடுத்திருக்கிறார்! யார் அந்த ராசிக்காரி?" என்று போட்டேன். பெயர் போடவில்லையே என்ற தைரியம். லைக்குகள் குவிந்தன.

மூன்றாம் நாள் அவரே ஒரு பையோடு வந்தார்.

"பேரு போடலைங்க, சரி. எங்க வீதியில யாருன்னு எல்லாருக்கும் தெரியுமே. ஒவ்வொரு தடவை பொண்ணு பார்க்க வரும்போதும் ஒரு புடவை எடுத்தேன். ஆறாவதா வர்றதா இருந்தவங்களும் படிச்சுட்டு, வரலைன்னுட்டாங்க. இது கட்டாத புடவை. மாத்திக் கொடுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. அவர் கண்ணெதிரிலேயே பதிவை அழித்தேன்.

வேறு புடவைக்குப் பில் போட்ட கடைப் பெண் வழக்கம்போல, "என்ன விசேஷம்ங்க?" என்றாள்.

"சும்மா கட்டிக்கத்தான்."

அதைப் பட்டியலில் ஏற்ற இன்றுவரை எனக்குக் கை வரவில்லை.