செம்பாணி அடித்த அலுமினியப் படகு

ஊர்காவற்றுறைக் கரையில் எல்லாரிடமும் பைபர் படகு இருக்க, அம்புறோஸிடம் மட்டும் அலுமினியப் படகு இருந்தது. போர் முடிந்த கையோடு ஏதோவொரு நிறுவனம் கொடுத்த படகுகளில், பளபளக்கிறது என்பதற்காகவே அவர் அதைத் தெரிந்தெடுத்தார். பதினைந்து வருடமாக அதன் பெருமையைப் பேசிப் பேசிக் கரையில் உள்ளவர்களின் காதைப் புண்ணாக்கினார்.

அவருக்கு ஒரே ஆசை. ஆவணித் திருநாளில் மாதாவின் சொரூபம் கடலில் பவனி வரும்போது அது தன் படகில் வர வேண்டும். வருடா வருடம் அந்த மரியாதை றொபேட்டின் பைபர் படகுக்கே போனது. போன வருடம் திருநாள் சபைச் செயலாளர் மனமிரங்கி அம்புறோஸின் படகைப் பார்க்க வந்தார். உள்ளே கால் வைத்ததுதான் தாமதம், தரையில் போட்டிருந்த உக்கிய பலகை உடைந்து முழங்கால் வரை இறங்கிவிட்டார்.

"முதல்ல பலகையை மாத்தும். பிறகு மாதாவைப் பற்றிக் கதைப்பம்" என்று சொல்லி நொண்டிக்கொண்டு போனார்.

வைகாசியில் அம்புறோஸ் வேலையைத் தொடங்கினார். வேப்பம் பலகை வாங்கினார். ஆணிக்கு மட்டும் கடைக்குப் போகவில்லை. அவருடைய அப்புவின் மரவள்ளத்தை உடைத்தபோது கழற்றிய செம்பாணிகள் ஒரு பிஸ்கற் பேணி நிறைய இருந்தன. மாதா ஏறும் படகுக்குக் கண்ட கண்ட ஆணியை அடிக்க அவர் என்ன வக்கற்றவரா?

றொபேட் வந்து பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்.

"அண்ணை, அலுமினியத்துக்குச் செம்பு ஆகாது. உப்புத்தண்ணி பட்டால் அலுமினியத்தைத் திண்டுபோடும். ஸ்ரெயின்லெஸ் போல்ற் போடுங்கோ. வெட்டின ஆணித்துண்டுகளையும் பொறுக்கிப்போட்டு மூடுங்கோ."

அம்புறோஸின் காதில் பொறாமை மட்டுமே விழுந்தது. "நீர் பைபர் ஒட்டுற ஆள். எனக்கு ஆணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். செம்பாணி நூறு வருசம் போனாலும் இத்துப்போகாது."

தேநீர் கொண்டுவந்த மனைவி மேரிஜோசப்பின், "இஞ்சேருங்கோ, அவர் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோவன்" என்றாள்.

"கேட்டனான். பிழையெண்டும் சொல்லிப்போட்டன்."

வெட்டிய ஆணி நுனிகள் படகின் அடியில் சிந்திக் கிடந்தன. பொறுக்குவதென்றால் குனிய வேண்டும். றொபேட் பார்த்துக்கொண்டிருக்கையில் அம்புறோஸின் முதுகு வளையாது. அப்படியே பலகையை இறுக்கி மூடினார். ஆணித் தலைகளைப் புளிபோட்டு மினுக்கினார். செயலாளர் ஏறி நின்று இரண்டு தரம் குதித்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

மூன்று மாதம் அதே படகில் தொழிலுக்குப் போனார். பின்பக்கம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தண்ணீர் கூடியது. அலைத் தண்ணீர் என்று அள்ளி ஊற்றினார்.

திருநாளன்று சொரூபம் ஏறியது. சுவாமியார் ஏறினார், பாடகர்கள் எட்டுப் பேர் ஏறினார்கள். மேரிஜோசப்பின் புதுச் சேலையில் ஏறினாள். கரையிலிருந்து கூப்பிடு தூரம் போகுமுன்னரே பலகை இடுக்குகளால் தண்ணீர் வந்தது. சுவாமியாரின் வெள்ளை அங்கி நனைந்தது.

"அலை தெறிக்குது சுவாமி, நீங்கள் பாடுங்கோ" என்றார் அம்புறோஸ்.

"காலுக்குக் கீழேயிருந்தா அலை தெறிக்கும்?" என்று சுவாமியார் கேட்டார்.

பின்னால் வந்துகொண்டிருந்த றொபேட் தன் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து அணைத்தார். முதலில் மாதா மாறினார். பிறகு சுவாமியார், பாடகர்கள். கடைசியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேரிஜோசப்பினும் மாறினாள். பாட்டு தூரப் போனது. அம்புறோஸ் தனியே வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது. அழுதால் அதையும் சேர்த்து அள்ள வேண்டும் என்று அடக்கினார்.

மறுநாள் கரையில் வைத்துப் பலகையைக் கழற்றினார். ஆணி இறங்கிய இடமெல்லாம் அலுமினியம் வெள்ளை மாவாய் உதிர்ந்தது. சிந்திய நுனிகள் கிடந்த இடங்களில் மிளகளவில் ஓட்டைகள். அவற்றின் வழியாக மணல் தெரிந்தது. வெட்கத்தில் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை.

றொபேட் வந்து ஓர் ஆணியை எடுத்து, சாரத்தில் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்கள் சொன்னது சரிதான், அண்ணை. ஆணிக்கு ஒரு கேடும் வரேல்லை."